கூடார விளக்கும் மணவாளக்குறிச்சி மணலும்

கூடாரத்தில் இரவைக் கழிப்பவரின் விளக்கு காற்றில் அணையக் கூடாது. பயணத்தில் உடையக் கூடாது. சுமையாகவும் இருக்கக் கூடாது. நல்ல வெளிச்சமும் தரவேண்டும். கடந்த ஒன்றரை நூற்றாண்டில் விளக்குகளை வடிவமைத்தவர்கள் இவற்றில் ஒன்றைத் தீர்த்தபோதெல்லாம் மற்றொன்றில் இடறியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத் தேடிச் செல்லும் நாம், வழியில் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றையும் கடக்க நேர்கிறது.

முதலில் தீர்ந்தது காற்றின் தொல்லை. நாம் அரிக்கேன் விளக்கு என்று அழைக்கும் விளக்கின் அமைப்பை 1860களின் இறுதியிலும் 1870களிலும் உருவாக்கியவர் அமெரிக்கரான ஜான் இர்வின். அதன் இருபுறமும் உள்ள குழாய்கள் வெறும் சட்டங்கள் அல்ல. சுடருக்கு வேண்டிய காற்றைச் சீராகக் கொண்டு வருபவை. ஆதலால் வெளியே காற்று வீசினாலும் உள்ளே சுடர் நிலைத்து நிற்கும். ஆனால் ஒரு திரியின் வெளிச்சம் முகம் பார்க்கப் போதும். பாதை பார்க்கப் போதாது.

இக்குறையைப் போக்கியவர் ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுர் ஃபொன் வெல்ஸ்பாக். சுடரின் வெப்பத்தால் வேறொரு பொருளை ஒளிரச் செய்வது அவர் கண்ட வழி. உலோக உப்புக் கரைசலில் நனைத்த துணி வலையை எரித்தால் துணி அழிந்து, ஆக்சைடுச் சாம்பல் வலை வடிவிலேயே எஞ்சும். அதுவே மேண்டில். 1885இல் அவர் காப்புரிமை பெற்ற முதல் மேண்டிலின் ஒளியில் பச்சை படிந்திருந்தது, மக்கள் விரும்பவில்லை. 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கலந்தார். தனித் தோரியம் மங்கலாகவே ஒளிரும்; அந்த ஒரு பங்கு சீரியமே வெள்ளொளியைத் தந்தது. மேண்டிலோடு அழுத்தமூட்டிய எரிபொருள் சேர்ந்தபோது பெர்லினின் பெட்ரோமாக்ஸும், 1914இல் அமெரிக்காவின் கோல்மன் லாந்தரும் பிறந்தன.

தோரியத்துக்கு மோனசைட் என்னும் கனிமம் வேண்டும். பிரேசில் கடற்கரைகள் அதை அளித்துவந்தன. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அதன் மூலத்தைத் தேடிவந்து மணவாளக்குறிச்சியில் ஆலை அமைத்தார். பிரேசில் மணலைவிட இதில் தோரியம் மிகுதி. முதல் உலகப் போர் மூண்டதும் அத்தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பிற நாட்டு மேண்டில்களில் குமரிக் கரையின் தோரியம் ஒளிர்ந்தது இவ்வாறுதான்.

மேண்டிலின் குறைகளும் சிறியன அல்ல. சாம்பல் என்பதால் தொட்டாலே உதிரும். ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984) படத்தில் செந்தில் கைபட்டு மேண்டில் உடையும் காட்சிக்குச் சிரிக்காதவர் நம்மில் எவர்? அடைத்த கூடாரத்துக்குள் இவ்விளக்கை எரித்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே பறிக்கும். தோரியத்தின் கதிரியக்கத்தைக் கருதி, கோல்மன் நிறுவனம் 1990களில் இட்ரியத்துக்கு மாறியது.

அதே பத்தாண்டில்தான் அடுத்த விளக்கும் வந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷுஜி நாகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உருவாக்கினார், 1996இல் அதே நிறுவனம் வெள்ளை எல்.இ.டி.யை வெளியிட்டது. நீல ஒளிக்காக அகசாகி, அமானோ ஆகியோருடன் அவர் 2014இல் நோபல் பரிசு பெற்றார். சுடரில்லை, புகையில்லை, உடையும் சாம்பலும் இல்லை. ஆனால் எல்.இ.டி. ஒளியை ஒரு பக்கமாகவே வீசும், கண்ணைக் கூசும், பின்புறம் சேரும் வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் விரைவில் மங்கும். ஆகவே வடிவமைப்பாளர்கள் உலோகத் தகடுகளால் வெப்பத்தைக் கடத்தினர். மங்கலான கூண்டு பொருத்தி ஒளியை நாற்புறமும் பரப்பினர். கூண்டும் தூக்குக் கம்பியுமாக அது மீண்டும் அரிக்கேன் விளக்கின் உருவத்தை அடைந்தது.

உருவம் மட்டும் திரும்பவில்லை. நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சளாக்கி வெண்மை தருவது, இட்ரியம் அலுமினியம் சேர்மத்தில் சிறிதளவு கலந்த சீரியம்! வெல்ஸ்பாக்கின் அந்த ஒரு பங்கு இன்றைய விளக்கிலும் இருக்கிறது. சீரியமும் மோனசைட்டில் உள்ளதே.

1956இல் தமிழகத்தோடு இணைந்த அக்கரையில் இன்றும் அரசு நிறுவனம் கனிம மணலைப் பிரித்தெடுக்கிறது. கூடுதல் இயற்கைக் கதிர்வீச்சினிடையே வாழும் அப்பகுதி மக்கள், புதிய அகழ்வுத் திட்டங்களை எதிர்த்துக் குரல் கொடுக்கிறார்கள். விளக்கின் வரலாற்றில் வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் அளிக்கும் இடத்தை மணவாளக்குறிச்சிக்கும் நாம் அளித்தாக வேண்டும். அம்மக்களின் கேள்விகளுக்குச் செவிகொடுப்பதும் அக்கடமையில் அடங்கும்.