கனலும் நெஞ்சமும் ஒரு கல்லும்

மோர்மன் சமயத்தார் மெய்ம்மைக்கு உரைகல்லாகப் போற்றுவது நெஞ்சில் எழும் கனலையே. 1829ஆம் ஆண்டில் ஒலிவர் கௌடரிக்கு யோசேப்பு ஸ்மித் வழங்கிய வெளிப்பாடு, முதலில் உள்ளத்தில் ஆராய்க, சரியாயின் நெஞ்சம் கனலும் என்றது. ஆராய்ச்சியை முன்வைத்தமை கருதற்பாலது.

அடுத்த ஆண்டே சோதனை வந்தது. ஹைரம் பேஜ் என்பார் ஒரு கல்லின் வாயிலாகத் தமக்கும் இறைவாக்கு வருவதாகக் கூற, கௌடரியே அதனை நம்பினார். அவர் நெஞ்சம் அப்பொழுது கனலவில்லையா? 1830 செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் கூடிய சபை அவ்வழக்கைத் தீர்த்தது. தீர்த்தது உணர்வன்று, சபைக்கு வெளிப்பாடு பெறுதற்குரியார் ஸ்மித் ஒருவரே என்னும் விதி. உணர்வுகள் முரணுமிடத்து அதிகாரமே நடுவராயின், உணர்வை இறுதிச் சான்றென்பது யாங்ஙனம்?

பேஜ் கல்லைத் துறந்தார். 1838இல் சபையையும் நீங்கினார். எனினும் மோர்மன் நூலின் தகடுகளைக் கண்டதாகத் தாம் அளித்த சாட்சியத்தை மறுத்தாரல்லர்.