முன் ஃபோர்க்குக்குள் ஒரு சரித்திரம்

செகண்ட் ஹேண்டில் மலை சைக்கிள் வாங்குறவங்க பெயிண்டைப் பார்ப்பாங்க, கியரைப் போட்டுப் பார்ப்பாங்க. நான் முதல்ல குனிஞ்சு பார்ப்பது முன் ஃபோர்க்கை. இறக்கத்துல அது உடைஞ்சா போறது நம்ம பல்லு :-) எதை எதைப் பார்க்கணும்னு தெரிய, அது வந்த கதை தெரிஞ்சா போதும்.

ஆரம்பத்தில் ஷாக்கே கிடையாது. 1976-ல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் பக்கம் 'ரீபேக்' பந்தயம் ஆரம்பிச்சப்போ, எல்லாம் குண்டு டயர் போட்ட பழைய சைக்கிள்கள். பெடலைப் பின்னால் மிதிச்சா பிடிக்கிற பிரேக். இறக்கத்தில் ஹப் சூடாகி கிரீஸ் புகையாய்ப் போயிடும், திரும்ப அடைக்கணும். பந்தயத்துக்குப் பேர் வந்ததே அப்படித்தான். குலுக்கலைத் தாங்கினது டயரும் முழங்கையும்தான்.

மோட்டார் சைக்கிள் பந்தய உலகத்திலிருந்து வந்த பால் டர்னர் 1989-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ஃபோர்க் ஆர்.எஸ்.-1. உள்ளே காற்றும் எண்ணெயும். அமுங்குவது 48 மி.மீ., ரெண்டு இஞ்ச்கூட இல்லை. 1990-ல் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதைப் போட்டுத்தான் இறக்கப் பந்தயத்தை ஜெயித்தார்.

காற்றை அடைச்சு வைக்க சீல் வேணும். சீல் என்றால் கசிவு. டக் பிராட்பரியின் மானிடூ ஃபோர்க் வேற வழியில் போச்சு: காற்றுக்குப் பதில் ரப்பர் மாதிரியான எலாஸ்டோமர் கட்டைகள். கசிய எதுவும் இல்லை. ஆனா குளிரில் இறுகும், வயசானா உதிரும். பிறகு ஸ்பிரிங், அப்புறம் நல்ல சீல்களோட மறுபடியும் காற்று.

இப்போ சோதனைக்கு வருவோம்.

நல்லா பத்து தடவை அமுக்குங்க. கல்லு மாதிரி நின்னா எலாஸ்டோமர் போச்சு. மேல்குழாயில் எண்ணெய் வளையம் தெரிஞ்சா சீல் போச்சு. குழாய் மேல நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டுற கீறல் இருந்தா புது சீலும் சீக்கிரம் போயிடும். முன் பிரேக்கைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. சீல் பக்கத்தில் ஆட்டம்னா புஷ் தேய்ஞ்சிருக்கு. ஹேண்டில் கழுத்தில் ஆட்டம்னா பெரும்பாலும் கோன்செட். அதை டைட் பண்ணிக்கலாம். கடைசியா துணியால் துடைச்சு, டார்ச் அடிச்சு, ரெண்டு காலும் சேர்ற இடத்தில் விரிசல் இருக்கான்னு பாருங்க. இருந்தா சும்மா கொடுத்தாலும் வேணாம்.

நண்பர் ஒருத்தருக்காக நான் பார்த்த தொண்ணூறுகளின் வண்டி அமுங்கவே இல்லை. "ஓட்ட ஓட்ட சரியாயிடும்" என்றார் விற்பவர். ஆகாது சார். அந்தக் காலத்து உதிரி பாகம் தேடி அலையணும். புது ஃபோர்க் மாட்டலாம்னா, இன்றைய 120 மி.மீ. சமாச்சாரம் அந்த ஃப்ரேமுக்கு ரொம்ப உயரம். முன்பக்கம் தூக்கி, ஹேண்டில் திரும்புற விதமே மாறும், ஃப்ரேமின் கழுத்துக்கும் கூடுதல் பாரம்.

நண்பர் கடைசியில் வாங்கினது அதே காலத்து, ஷாக்கே இல்லாத ஸ்டீல் ஃபோர்க் வண்டி. அதில் தேய சீலும் இல்லை, புஷ்ஷும் இல்லை. விரிசலும் வளைவும் இல்லைன்னா தைரியமா வாங்கலாம்.