கத்தாழை மீனின் காதுக்கல்: தரங்கம்பாடி வாத்தியாரும் மூன்றாம் வகுப்பு மாணவனும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அக்கா மகன் திண்ணையில் உட்கார்ந்து "மீன் செவுள்களால் சுவாசிக்கும், மீன் செவுள்களால் சுவாசிக்கும்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தான். மூன்றாம் வகுப்பு. "செவுள்னா எதுடா?" என்று கேட்டேன். புத்தகத்திலிருந்த படத்தில் ஒரு அம்புக்குறியைக் காட்டினான். மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை சைக்கிளில் போகிற தூரம். வாரம் இரண்டு நாள் மீன் குழம்பு கொதிக்கிற வீடு. இருந்தும் பையனுக்குச் செவுள் என்பது ஒரு அம்புக்குறி.

மறுநாள் துறைமுகத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் ஆயாவிடம் கத்தாழை வாங்கினோம் (சிலர் கத்தலை என்பார்கள்). செவுள் மூடியைத் தூக்கி, சீப்புப் பற்கள் போல அடுக்கியிருந்த சிவப்பு இழைகளை அவனே தொட்டுப் பார்த்தான். ஆயா சிரித்துக்கொண்டே, "தலைய குழம்புல போட்டு வெந்ததும் உடைச்சுப் பாரு, உள்ள ரெண்டு வெள்ளக் கல்லு இருக்கும்" என்றார். உடைத்தோம், இருந்தது. "மாமா, மீனுக்கு மூளைல கல்லா?" என்றான்.

அது காதுக்கல். மீனுக்கு வெளிக்காது கிடையாது, உள்காது மட்டும் உண்டு. அதிலிருக்கும் இந்தச் சுண்ணாம்புக் கற்கள்தான் அது சாயாமல் நீந்தவும் ஒலியை உணரவும் உதவுகின்றன. மரத்தில் வளையம் விழுவது போல இவற்றிலும் அடுக்கு அடுக்காக வளரும். மீன்வள ஆய்வாளர்கள் மீனின் வயதைக் கணிப்பது இந்த அடுக்குகளை வைத்துத்தான். கத்தாழைக் குடும்பத்து மீன்களுக்குக் கல் பெரியது. காற்றுப்பையை அதிரவைத்து அவை 'கர் கர்' என்று சத்தமும் போடும்.

இதையெல்லாம் அவனுக்குச் சொல்வதற்காகப் படித்தபோதுதான் ஒரு பெயரில் சிக்கிக்கொண்டேன். கத்தாழைகளில் ஒரு பேரினத்தின் அறிவியல் பெயர் 'ஜானியஸ்'. யார் இந்த ஜான்?

நம்ம பக்கத்து ஆள்தான். கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1747இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1771இல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து 1813இல் அங்கேயே இறந்தார். கடலூரிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் நூறு கிலோமீட்டருக்குள் தரங்கம்பாடி. இங்கே பிடிபட்ட மீன்களை அவர் பெர்லினில் இருந்த மார்க்குஸ் ப்ளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். மீன்களைப் பற்றிப் பெரும் நூல் வரிசை எழுதிக்கொண்டிருந்த ப்ளாக், 1793இல் இந்தப் பேரினத்துக்கு ஜானின் பெயரை வைத்தார். ப்ளாக்கின் சேகரிப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மீனோடு நிற்கவில்லை. பாட்ரிக் ரஸ்ஸல் 1801இல் வெளியிட்ட பாம்பு நூலில் நம் மண்ணுளிப் பாம்புக்கும் ஜானின் பெயர்தான். அதன் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜானி.

என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு தகவல். ஜான் ஒரு பள்ளிக்கூட ஆள். பதினைந்து தமிழ்ப் பள்ளிகளிலும் ஐந்து ஆங்கில-தமிழ்ப் பள்ளிகளிலும் இரண்டு ஆண்டு செய்துபார்த்த சோதனையைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை, அவர் இறந்த 1813ஆம் ஆண்டிலேயே லண்டனில் அச்சானது. ஒரே மனிதரின் மேசையில் ஒரு பக்கம் சாராயத்தில் ஊறிய மீன், மறுபக்கம் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு!

அந்த இரண்டையும் ஒன்றாக்க அரசாங்கத்துக்கு நூறு ஆண்டு பிடித்தது. 1913ஆம் ஆண்டின் இந்தியக் கல்விக் கொள்கைத் தீர்மானம், தொடக்கப் பள்ளிகளில் எழுத்து, வாசிப்பு, கணக்கோடு ஓவியம், ஊர் வரைபடம், இயற்கைப் பாடம், உடற்பயிற்சி ஆகியவையும் வேண்டும் என்றது. காகிதத்தில் நல்ல யோசனை. அது வகுப்பறைக்கு வந்த கதை மேடும் பள்ளமுமானது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 16 பள்ளிகளில், பிள்ளைகளே வயலுக்குப் போய்ப் பார்த்து, செய்து, எழுதும் அறிவியல் பாடம் தொடங்கியது. முப்பது ஆண்டு நடந்ததை 2002இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது, 1987இல் 'துளிர்' வந்தது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ரிஷிவேலி மாதிரியைப் பின்பற்றித் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சிலிருந்து தரைக்கு இறங்கி, ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்த காலம் அது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 'தொட்டுப் பார்' என்பது 'அறுத்துப் பார்' ஆகிவிடக் கூடாது. கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் எத்தனை தலைமுறைத் தவளைகள் மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தப்பட்டுக் கிடந்தன! 2011இல் பல்கலைக்கழக மானியக் குழு அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014இல் முற்றாக நிறுத்தச் சொன்னது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்குக் கத்தி? சமையலுக்கு வந்த மீனே போதும். மழை விட்ட பின் மண்புழுவை ஈரத்தாளில் விட்டு, அது எப்படிச் சுருங்கி நீள்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விடலாம். சர்க்கரை ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை வைத்து எறும்பு எதைத் தேடி வருகிறது என்று எண்ணலாம். செலவு ஒன்றுமில்லை.

இது வெறும் மார்க் விஷயமில்லை. அதே மண்ணுளிப் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வால் மழுங்கி, தலை போலவே இருக்கும். ஆபத்து வந்தால் தலையைச் சுருளுக்குள் மறைத்து வாலைக் காட்டும். கடிக்க வருகிறவன் ஏமாந்து வாலைக் கடிக்கட்டும் என்ற தந்திரம். விஷமில்லாதது, வயல் எலிகளைத் தின்பது. இதைச் சரியாகப் பார்க்காதவர்கள் 'இருதலைப் பாம்பு' என்றார்கள். அந்தப் பெயரை வைத்து, வீட்டில் வைத்தால் பணம் கொட்டும், நோய் தீரும் என்று ஒரு கள்ளச்சந்தையே உருவாகிவிட்டது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட அந்தப் பாம்பைப் பிடித்து விற்றுக் கைதானவர்கள் பற்றிய செய்தி தமிழ்நாட்டில் அடிக்கடி வருகிறது. வாங்க வருகிறவர்களில் படித்தவர்களும் உண்டு. தலை எது, வால் எது என்று சின்ன வயதில் யாராவது பொறுமையாகக் காட்டியிருந்தால், அவர்களில் பாதிப் பேராவது ஏமாந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நம் மாவட்டத்திலேயே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. அலையாத்திக் காடு சூழ்ந்த பிச்சாவரமும் பக்கம்தான். பிள்ளைகளை ஒரு முறை கூட்டிப் போங்கள். முடியாவிட்டால் மீன் கூடை போதும்.

பையன் அந்த இரண்டு கல்லையும் தீப்பெட்டியில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப் போனான். அடுத்த வாரம் வகுப்பில் சங்கரா மீன் கல், வஞ்சிரம் கல் என்று நாலைந்து தீப்பெட்டிகள் சேர்ந்துவிட்டனவாம். எந்த மீனுக்குக் கல் பெரிசு என்று ஒரே சண்டை. அவனுடைய நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கல்லைப் படம் வரைந்து, கீழே எழுதியிருந்தான்: "மீன்கார ஆயா சொன்னது."

பெர்லினுக்குப் போன அந்த மீன்களை வலைபோட்டுப் பிடித்தவர்களின் பெயர் எந்த மீனுக்கும் வைக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்பு நோட்டிலாவது ஆயாவுக்கு ஒரு இடம் கிடைத்திருக்கிறது.