ஒருமுறையே ஏற்கும் தொகை

தொகுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்களுட் பலவற்றை அடியளவு நோக்கிப் பிரித்துத் தொகை நூல்களாக்கிய நம் முன்னோர், எதனை எங்குச் சேர்ப்பது என்பதற்கு ஒரு நெறி வகுத்தனர். கணினியுலகிலும் நெறியுடைய தொகை ஒன்று உண்டு. அதுவே கணம்.

செருமானியக் கணித அறிஞர் கியோர்க் கேண்டர் 1895இல் கணத்திற்கு வரையறை கூறுகையில், அதன் உறுப்புகள் ஒன்றினின்று ஒன்று வேறானவை என்றார். இக்கருத்து பின்னர்ப் பொருள்நோக்கு நிரல்மொழிகளுள் புகுந்தது. சிமால்டாக்-80 என்னும் நிரல்மொழியில் 'பை' என்னும் தொகை ஒரே பொருளைப் பலமுறை ஏற்கும். கணமோ ஒருமுறையே ஏற்கும். 1998இல் வெளிவந்த இரண்டாம் ஜாவாவில், கணத்திற் சேர்க்கும் செயல் விடையும் தருகிறது. உறுப்பு புதிதாயின் 'மெய்' என்றும், முன்பே உளதாயின் 'பொய்' என்றும் அறிவிக்கும்.

முன்பே உளதா என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? உறுப்பினின்று ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண் காட்டும் இடத்தில் உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிடுவது பெருவழக்கு. ஆதலின், 'இரண்டும் ஒன்றே' எனத் துணிவதே இங்கு உயிர்நிலையாகும்.

இத்துணிபில் தமிழ் பட்ட இடர் பெரிது. 1990களில் தமிழ் எழுத்துகளுக்குப் பல குறியீட்டு முறைகள் வழங்கின. ஒரே சொல் முறைக்கு ஓர் எண் வரிசையாய் நின்றது. இதனைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் அறிஞர் கூடினர். 1985இலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர் என்பது நமக்குப் பெருமை.

இன்று யூனிகோடு பொதுமுறையாயிற்று. எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மாணவர் பாடநூற் சொற்களைக் கணத்திற் சேர்ப்பதாகக் கொள்வோம். 'கொடி' என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணத்திற்கோ இரண்டு. சொற்கள் எத்தனை என்னும் கணக்கே பிழைபடும். சேர்க்குமுன் எல்லாச் சொற்களையும் யூனிகோடு வகுத்த ஒரே வடிவிற்கு மாற்றுவதே இதற்கு மருந்து. ஆனால் 'கௌ' என்பதன் ஈற்றுக் குறிக்கு மாறாக ளகரத்தைத் தட்டிவிட்டால், அம்மருந்தும் பயன்படாது. அது குறியீட்டு வேறுபாடன்று, எழுத்துப் பிழை.

ஆகவே ஆசிரியர்கள், எழுத்திலக்கணம் தாளோடு முடிவதன்று என மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். எது எழுத்து, எது குறி என அறிந்த கையே தமிழ்ச் சொற்களைப் பிழையின்றித் தொகுக்க வல்லது.