வீண் எச்சம் எனப்பட்ட பிறை

மரக்காணம் உப்பளங்களில் பாத்திகளுக்கு இடையே வழுக்கும் வரப்பின்மேல் சுமையோடு நடக்க வேண்டும். பாதம் பதிந்து நிற்க, உடல் மட்டும் திரும்பிவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். சடுகுடு ஆட்டத்திலும் இது நேர்வதுண்டு. அப்போது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே பிணைக்கும் சிலுவை நார் அறுந்துபோகலாம். அவ்விரு எலும்புகளுக்கும் நடுவே மெத்தைபோல் அமைந்த பிறை வடிவக் குருத்தெலும்பும் கூடவே கிழியலாம். இந்தப் பிறையின் அருமையை மருத்துவ உலகம் மெல்லத்தான் உணர்ந்தது.

1883இல் எடின்பரோ நகரில் தாமஸ் அனண்டேல் என்னும் அறுவை மருத்துவர், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் நழுவிய பிறையைத் தைத்துச் சீராக்கினார். 1895இல் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன், மற்றொரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த சிலுவை நார்களைத் தைத்தார். முதற்பாடங்களைத் தந்தவை உழைப்பாளர்களின் கால்களே.

ஆயினும் 1897இல் பிளாண்ட்-சட்டன் என்ற ஆங்கில மருத்துவர், பிறைகள் பயனிழந்த தசைகளின் எச்சம் என்று எழுதினார். கிழிந்த பிறையை முழுதும் அகற்றுவது பின்னர் வழக்கமாயிற்று. அதன் விளைவு என்ன? பிறை நீக்கிய முழங்கால்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்த ஃபேர்பாங்க், மூட்டின் இடைவெளி குறுகுவதையும் எலும்பு முனை தட்டையாவதையும் 1948இல் எடுத்துக்காட்டினார். பாரத்தைப் பரப்பித் தாங்கும் மெத்தை போனால் மூட்டு தேயும்.

1962இல் ஜப்பானியரான மசாகி வதனபே, உள்நோக்குக் கருவியைச் செலுத்திக் கிழிந்த பகுதியை மட்டும் நீக்கினார். பிறையின் வெளி விளிம்பில் மட்டுமே இரத்தக் குழாய்கள் உள்ளன என்பதை 1982இல் அர்னாட்ஸ்கி, வாரன் ஆகியோர் விளக்கினர். அங்கே விழுந்த கிழிசலைத் தைத்தால் ஆறும் வாய்ப்பு மிகுதி.

இனி, அறுவைக்கு ஏற்ற காலம் எது? 1991இல் அமெரிக்காவில் ஷெல்போர்ன் குழுவினர், முதல் வாரத்திலேயே சிலுவை நாரைச் சீரமைத்துக்கொண்டவர்களைவிட மூன்று வாரமேனும் பொறுத்தவர்களுக்கு மூட்டு விறைப்பு குறைவு என்று கண்டனர். வீக்கம் வடிந்து கால் நன்கு நீள வேண்டும். அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடலாமா? கூடாது. நார் அற்ற மூட்டு நழுவும்போதெல்லாம் உட்புறப் பிறை நசுங்கிக் கிழியும். தைக்கக்கூடிய கிழிசலும் தைக்க முடியாததாகிவிடும். பிறை மடிந்து மூட்டில் சிக்கி, கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டால் விரைவில் அறுவை தேவை.

நார் அறுந்த எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. பயிற்சியால் தேறுவோரும் உண்டு. ஆனால் உப்புக் காலம் முடியட்டும் என்று, இடறும் காலோடு சுமை தூக்குவது ஆபத்து. வலி அடங்கியது என்பதால் மூட்டு குணமாயிற்று என்று பொருளல்ல.