மலையேறினால் மூச்சு வாங்கும் படகு எஞ்சின்

ஊட்டி ஏரி என்றதும் எல்லோரும் ஜான் சல்லிவனில் தொடங்குவார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர் 1820-களில் ஓடைத் தண்ணீரை மறித்து உண்டாக்கிய ஏரி அது. இன்று இருப்பதைவிட அன்று பெரிது. பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர். அந்தக் கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஏரியின் உயரம் மட்டும்: கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்குச் சற்று மேல். பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு என்று பின்னால் மின்சாரத்துக்காகக் கட்டிய தேக்கங்களும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கின்றன.

இந்த உயரத்துக்கும் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கும் ஒரு வழக்கு உண்டு. அது மோட்டார் பிறந்த காலத்திலிருந்தே வருவது.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் 1909-ல் மில்வாக்கியில் தன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒரே சிலிண்டர், ஒன்றரை குதிரைசக்தி, எடை 62 பவுண்டு. அவருக்கு முன்பே சிலர் செய்திருந்தாலும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது இவருடையதுதான். அந்தக் காலத்து மோட்டார்களில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பெரும்பாலும் தீப்பொறி விழும் நேரத்தை முன்னே பின்னே தள்ளும் ஒரு கைப்பிடிதான். சுற்று எவ்வளவு என்று யாரும் எண்ணவில்லை. படகு போகிறதா, சரி. பிறகு 1922-ல் ஜான்சன் சகோதரர்கள் எடை குறைந்த இரட்டை சிலிண்டர் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். போட்டி வந்தது, சுற்றும் ஏறியது. நான் வொர்க்‌ஷாப்பில் கையாண்ட டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களின் கையேட்டில், முழு ஆக்சிலேட்டரில் 4,500-லிருந்து 5,500 சுற்றுக்குள் ஓட வேண்டும் என்று போட்டிருக்கும்.

இந்தக் கணக்கு கடல் மட்டத்துக் காற்றை வைத்துப் போட்டது. நம் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 1980-களிலிருந்து வள்ளத்திலும் கட்டுமரத்திலும் மாட்டிய மோட்டார்களுக்கு அதில் சிக்கல் இல்லை. பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினாலும் காற்று முழுக் காற்றுதான். ஊட்டியில் அப்படியில்லை. கடற்கரைக் காற்றில் உள்ள ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இங்கே கிடையாது. ஆயிரம் அடி ஏறினால் மூன்று சதவீத சக்தி போச்சு என்பது மெக்கானிக்குகளின் பழைய வாய்பாடு. ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

நம் மலை ரயிலின் நீராவி எஞ்சினுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அதன் பலம் பாய்லருக்குள் அடைபட்ட ஆவியில் இருக்கிறது. சிலிண்டருக்குள்ளேயே காற்றை இழுத்து எரிக்கிற எஞ்சினுக்குத்தான் உயரம் உறைக்கும். மேட்டுப்பாளையத்தில் சிட்டாகப் பறந்த பழைய பெட்ரோல் கார் குன்னூர் தாண்டியதும் கரும்புகை விட்டதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கார்புரேட்டர் பெட்ரோலைப் பழைய அளவிலேயே ஊற்றுகிறது, எரிக்கக் காற்று போதவில்லை.

காரிலாவது கியரைக் குறைக்கலாம். அவுட்போர்டில் முன்னே, பின்னே, நடு, அவ்வளவுதான். அங்கே கியர் மாற்றுவது என்றால் புரொப்பெல்லரை மாற்றுவது. புரொப்பெல்லரின் பிட்ச் என்பது, ஒரு சுற்றில் அது தண்ணீரைத் திருகிக்கொண்டு எத்தனை இஞ்சு முன்னேற வேண்டும் என்ற கணக்கு. பிட்ச் கூடினால் எஞ்சினுக்குப் பாரம் கூடும், சுற்று இறங்கும். ஒரு இஞ்சு குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுவான கணக்கு. சின்ன மோட்டாரில் இன்னும் கூட ஏறும்.

குன்னூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், தண்ணீர்த் தேக்கத்தில் ஓட்டுவதற்காகக் கடற்கரை ஊரிலிருந்து பழைய 15 குதிரைசக்தி மோட்டார் ஒன்றை வாங்கி வந்தார்கள். நாலு பேர் ஏறினால் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு உறுமும், வேகம் பிடிக்காது. "எஞ்சின் போச்சு சார், ரீபோர் பண்ணிடலாம்" என்றார் உடனிருந்த ஃபிட்டர் அண்ணன். நான் முதலில் கம்ப்ரெஷன் பார்த்தேன். இரண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட சமம். பிளக் இரண்டும் கரி பூசிக் கிடந்தன. ஆக்சிலேட்டர் கம்பியை முழுக்க இழுத்தால் கார்புரேட்டர் வாய் முழுக்கத் திறக்கவில்லை. அதைச் சரி செய்தோம். படகின் அடியில் பாசி, அதையும் சுரண்டினோம். பிறகு பிளக் வயரில் சுற்றிவைக்கும் டாகோமீட்டரை மாட்டிப் பார்த்தால் 4,200.

இந்த டாகோமீட்டரை நம்புவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. மீட்டரை ஃபோர்-ஸ்ட்ரோக் கணக்கில் விட்டுவிட்டால் இருமடங்கு காட்டும். அதை நம்பி, அதிகச் சுற்று ஓடுகிறது என்று பிட்ச்சைக் கூட்டியவர்களும் உண்டு.

மெயின் ஜெட்டை ஒரு அளவு சின்னதாக்கினோம். புகை அடங்கியது, 4,400 வந்தது. பத்து இஞ்சு பிட்ச்சைக் கழற்றி எட்டு போட்ட பிறகு 5,000-க்குச் சற்று மேலே நின்றது. படகும் மூக்கை இறக்கித் தண்ணீர் மேல் ஓட ஆரம்பித்தது. சிலிண்டரைத் தொடவே இல்லை. ஃபிட்டர் அண்ணன் புரொப்பெல்லரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறைந்த சுற்றில் ஓடினால் என்ன, எஞ்சினுக்குச் சுகம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. முழு ஆக்சிலேட்டரில் இழுக்க முடியாமல் திணறும் எஞ்சின், டாப் கியரில் லோடு லாரியை மேட்டில் ஏற்றுவது போன்றது. சூடு ஏறும், கரி படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும், கடைசியில் பிஸ்டன் போகும். அதுவும் தேக்கத்தின் நடுவில் ஆட்களோடு நிற்கும்போது போகும்.

எதிர்ப்பக்க வியாதியும் ஒன்று உண்டு. சுற்று மட்டும் கிடுகிடுவென ஏறி, படகு நகராவிட்டால் பிட்ச்சைத் தேடாதீர்கள். பழைய மோட்டாரில் புரொப்பெல்லர் நடுவில் உள்ள ரப்பர் வழுக்கியிருக்கும். அல்லது மோட்டாரை உயரமாக மாட்டியதால் புரொப்பெல்லர் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும்.

இப்போது வரும் மோட்டார்களில் கம்ப்யூட்டரே காற்றின் அழுத்தத்தைப் பார்த்து எரிபொருளைக் குறைத்துக்கொள்கிறது. ஜெட் மாற்றும் வேலை போய்விட்டது. ஆனால் இல்லாத காற்றை எந்தக் கம்ப்யூட்டராலும் உண்டாக்க முடியாது. சக்தி குறைந்தது குறைந்ததுதான், புரொப்பெல்லரை இன்றும் மாற்றத்தான் வேண்டும். எவின்ரூட் என்ற பெயரில் மோட்டார் செய்வதையே 2020-ல் நிறுத்திவிட்டார்கள். பழையதை வைத்திருப்பவர்கள்தான் இனி அதற்கு வைத்தியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த 15 குதிரைசக்தி மோட்டார் சில வருஷம் கழித்துத் திரும்பக் கடற்கரைக்கே விலை போயிற்று. மலைக்குப் போட்ட சின்ன ஜெட்டோடு கீழே ஓட்டினால் பெட்ரோல் போதாது, பெட்ரோலில் கலந்துதான் ஆயில் வருகிறது என்பதால் அதுவும் போதாது. எட்டு இஞ்சு புரொப்பெல்லரோ சுற்றை எல்லை தாண்ட விடும். ஒரே நாளில் பிஸ்டன் பிடித்துவிடலாம். அதனால் பழைய ஜெட்டைத் துணியில் முடிந்து, பத்து இஞ்சு புரொப்பெல்லரோடு சேர்த்து மோட்டாரின் கைப்பிடியில் கட்டி, "கீழே போனதும் இதை மாட்டு" என்று அட்டையில் எழுதித்தான் லாரியில் ஏற்றினோம்.