யோபு நூலில் துன்பமும் முறையும் ஆசியும்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டு நூல்களுள் யோபு நூல் தனித்து வைத்து எண்ணத்தக்கது. குற்றமற்ற ஒருவன் துன்புறுவது ஏன் என்பதே அதன் பொருள் என்பர். நூலைக் கூர்ந்து நோக்குவார்க்கு மற்றொரு வினாவும் புலனாகும். துன்புற்றவன் அருகிருந்து அத்துன்பத்திற்குக் காரணம் கூறுவோர், அவனுக்கு நன்மை செய்கின்றனரா, தீமை செய்கின்றனரா என்பதே அது.

இவ்வினா தமிழ் மரபிற்குப் புதியதன்று. அழுக்காறுடையான் ஆக்கமும் செம்மையுடையான் கேடும் நினைக்கப்படும் என்று திருக்குறளின் 169ஆம் குறள் கூறி அமைகின்றது. ஆசிரியர் விடை கூறாது விடுத்த அவ்விடத்தில், உரையாசிரியராகிய பரிமேலழகர் பழவினையைக் கொணர்ந்து நிறுத்துகின்றார். மூலம் வினாவோடு நிற்க, உரை விடையோடு முடியும் இம்முறையே யோபு நூலின் வரலாற்றிலும் நிகழ்ந்தது.

நூலின் அமைப்பை முதற்கண் காண்பாம். முதல் இரண்டு இயல்களும் 42ஆம் இயலின் இறுதிப் பகுதியும் உரைநடை. இடைப்பட்டது பெரும்பாலும் செய்யுள். உரைநடையில் வரும் யோபு பொறுமைக்கு எடுத்துக்காட்டு. செய்யுளில் வரும் யோபோ இறைவனையே வழக்கிற்கு அழைப்பவன். பந்தயத்தால் சோதிக்கப்பட்டமை பற்றி யோபினை அரிச்சந்திரனோடு ஒப்பிடுவார் பலர். அவ்வொப்புமை உரைநடைப் பகுதிக்கே பொருந்தும். செய்யுட் பகுதிக்கு இணை தேடின், சிலப்பதிகாரத்து வழக்குரை காதையே முன்வந்து நிற்கும். பாண்டியன் அவையில் கண்ணகி வேண்டியது ஆறுதல் அன்று, முறை. யோபு வேண்டுவதும் அதுவே.

இனி, மொழிபெயர்ப்பாளர் கைக்கொண்ட சொற்களை ஆராய்வாம். பழைய ஏற்பாடு முழுமையும் தமிழாக்கும் பணியை 1728இல் நிறைவு செய்தவர் பெஞ்சமின் சூல்சு. பீட்டர் பெர்சிவலின் மொழிபெயர்ப்பு, ஆறுமுக நாவலரின் துணையோடு உருவாகி 1850இல் வெளிவந்தது. என்றி பவர் தலைமையில் அமைந்த பதிப்பு 1871இல் வெளிவந்து, சீர்திருத்தச் சபைகளில் நிலைபெற்றது. 1995இல் திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு வந்தது. பவர் பதிப்பில் யோபு ‘உத்தமன்’, ‘சன்மார்க்கன்’; திருவிவிலியத்தில் அவர் ‘மாசற்றவர்’, ‘நேர்மையானவர்’. வடசொல் தமிழ்ச்சொல்லாயிற்று என்பதோடு இவ்வேறுபாடு முடியவில்லை. உத்தமன் என்பது மேன்மையைக் குறிக்கும். மாசற்றவர் என்பது குற்றமின்மையைக் குறிக்கும். வழக்கு மன்றத்திற்கு வேண்டுவது பின்னதே.

‘மிசுபாத்’ என்னும் எபிரேயச் சொல் வழக்கு, தீர்ப்பு, முறை ஆகிய மூன்றனையும் தழுவும். ‘நியாயம்’ எனத் தமிழாக்குங்கால் அறக்கருத்து நிலைபெறுகின்றது, மன்றக்கருத்து மெலிகின்றது. 31ஆம் இயலில் யோபு தன் குற்றமின்மையை ஒவ்வொன்றாக ஆணையிட்டுக் கூறி, எதிரி தன் குற்றச்சாட்டை எழுத்தில் தருக என்று கேட்கின்றான். அது புலம்பல் அன்று. வாதியின் முறையீடு என்க.

‘பாரக்’ என்பது வாழ்த்துதல், ஆசி கூறுதல் எனப் பொருள்படும் எபிரேயச் சொல். யோபின் மனைவி கூறும் இடத்தில் (2:9) இறைவனைப் பழித்தல் என்பதே கருத்து. ஆயினும் மூலத்தில் அங்கே நிற்கும் சொல் ‘பாரக்’கே ஆகும். இறைவனைப் பழித்தல் என எழுத அஞ்சி, வாழ்த்துதல் என எழுதினர் என்பது ஆய்வாளர் பலர் முடிபு. நன்னூலார் தகுதி வழக்கினுள் அடக்கிய மங்கலம் என்பது இதுவே. செத்தாரைத் துஞ்சினார் என்னும் வழக்குடைய தமிழர்க்கு இது எளிதில் விளங்கும். பவர் பதிப்பு ‘தூஷித்து’ என்றும், திருவிவிலியம் ‘பழித்து’ என்றும் கருத்தையே வெளிப்படையாகக் கூறின. அதனால் பொருள் தெளிந்தது. எனினும், ஆசியும் பழியும் ஒரு சொல்லுள் அடங்கி நின்ற மூலத்தின் நயம் மறைந்தது.

யோபின் நண்பர் மூவரும் முதலில் ஏழு நாள் பேசாது அவனுடன் தரையில் அமர்ந்திருந்தனர். நூல் முழுவதிலும் அவர் செய்த நற்செயல் அஃதொன்றே. வாய் திறந்தபின், துன்பம் உண்டெனின் குற்றம் உண்டு என்னும் ஒரே அளவையை மூவரும் மாறிமாறிக் கூறினர். குற்றம் காணப்படாதவழி, எலிப்பாசு அதனைப் படைத்துக் கொள்கின்றான். கைம்பெண்டிரை வெறுங்கையராய் அனுப்பினாய் என்று சான்றின்றிச் சாற்றுகின்றான் (22:9). கொள்கையைக் காக்கும் பொருட்டு மனிதனைக் குற்றவாளியாக்கும் இச்செயலை நூலின் இறுதி மறுக்கின்றது. நண்பர் பேசியது சரியன்று, யோபு பேசியதே சரி என்பது 42:7இல் வரும் இறைத்தீர்ப்பு.

இந்நூல் சென்று வழங்கிய நிலங்களுள் ஒன்று இன்றைய விருதுநகர் மாவட்டம். தாமசு கசெட்டன் இராக்லண்டு என்னும் கேம்பிரிட்சு அறிஞர் 1854 முதல் வடதிருநெல்வேலியில் ஊர்ஊராகச் சென்று மறைப்பணி ஆற்றி, 1858இல் சிவகாசியில் மறைந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வட்டாரம் கடுந்துன்பம் கண்டது. கோயில் நுழைவு பற்றிய பூசலின் விளைவாக 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. 1897இல் தொடங்கிய கமுதிக் கோயில் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் நாடார்க்கு எதிராக முடிந்தது. 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே கோயிற்கதவு திறந்தது. ஒருவன் நிற்கும் இடம் அவன் பிறப்பின் பயன் என்று கூறுவார்க்கு அம்மக்கள் அளித்த விடை, அடங்கியிருத்தல் அன்று, வழக்கிடுதல். யோபின் 31ஆம் இயலை உணர்தற்கு இவ்வரலாறு நல்லதோர் உரையாகும்.

பின்னர் அந்நிலம் தீப்பெட்டிக்கும் பட்டாசிற்கும் பெயர் பெற்றது. பிழைப்பு வந்தது, அதனொடு வெடிவிபத்தும் வந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அண்மையில் உள்ள முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவி செய்ய ஓடியோரும் அவருள் இருந்தனர். இத்தகைய வேளைகளில் ‘விதி’ என்னும் சொல் எழுவது இயல்பு. தாயொருத்தி தன் ஆறுதற்காக அதனைக் கூறுவாளாயின், மறுக்க நமக்கு உரிமை இல்லை. மருந்துக் கலவையின் அளவும், அறையில் இருத்தற்குரியோர் தொகையும், கட்டடங்களிடை விடவேண்டிய தொலைவும் விதிகளால் வரையறுக்கப்பட்டுள்ளன. அவை காக்கப்பட்டனவா என்று வினவ வேண்டியவர் ‘விதி’ என்பாராயின், அவர் எலிப்பாசின் வழியினரே. எழுதப்பட்ட விதியை மறைத்தற்கு எழுதப்படாத விதியைத் துணைக்கொள்ளுதல் அது.

புதிய ஏற்பாடும் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெண்மர் மாண்ட செய்தி லூக்கா 13ஆம் இயலில் வருகின்றது. மாண்டோர் பிறரினும் மிக்க குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு ஆண்டுக் கூறுகின்றார். பிறவிக் குருடன் பற்றிய யோவான் 9ஆம் இயலிலும், அவன் குற்றமோ பெற்றோர் குற்றமோ என்ற வினாவே மறுக்கப்படுகின்றது.

ஆசி பற்றிய முடிவு ஒன்று எஞ்சியுள்ளது. இறுதியில் யோபின் ஆடுகள் 7,000த்திலிருந்து 14,000 ஆயின. ஒட்டகங்கள் 3,000த்திலிருந்து 6,000 ஆயின. இவ்விரட்டிப்பு பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்பது வழக்கமான உரை. கவர்ந்த பொருளைக் கள்வன் இருமடங்காகத் திருப்பித் தருக என்னும் சட்டம் யாத்திராகமம் 22ஆம் இயலில் உளது. அதனை நினைந்து, இவ்விரட்டிப்பு பரிசன்று, ஈடு என்று கொள்வாரும் உளர். அவ்வாறாயின் ஆசியும் முறையும் இங்கே ஒன்றாகின்றன. ஆயினும் மக்கட்செல்வம் இரட்டிக்கவில்லை. முன்போலவே ஆண் எழுவர், பெண் மூவர். இறந்தோர் மீண்டார் என்றும் நூல் கூறவில்லை. இழந்த பொருளுக்கு ஈடு உண்டு. இழந்த உயிருக்கு ஈடு இல்லை என்பதை எண்ணால் உணர்த்திய புலவன் திறம் வியத்தற்குரியது.

ஆகவே, துன்பத்திற்குக் காரணம் கற்பித்தல் யோபு நூலின் நோக்கம் அன்று. துன்புற்றான் முறை கேட்கும் உரிமையை நிலைநாட்டுதலே அதன் நோக்கம் என்பது போதரும். இதனைப் பயிலும் மாணவர் பொறுமை என்னும் ஒரு பண்பில் நூலை அடக்காது, வழக்கு என்னும் சொல்லைக் கைவிளக்காகக் கொண்டு இடைப்பட்ட செய்யுட் பகுதியைப் பயில்வாராக. தமிழ் மொழிபெயர்ப்புகள் அனைத்தையும் மூலத்தோடு ஒருங்கு வைத்து ஒப்புநோக்கும் பெரும்பணியும் அவர்க்குரியது.